பழைய லென்ஸும் புதிய கேமராவும்: ஒரு நீண்ட பஞ்சாயத்து

வீட்டுப் பரணிலிருந்தோ, பழைய பீரோவின் அடித்தட்டிலிருந்தோ ஒரு லென்ஸ் கிடைக்கிறது. கனமான உலோக உருளை. ஹீலியோஸ், டாகுமார், நிக்கார் என்று ஏதோ ஒரு பெயர் அதன் வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி இன்னும் பளபளக்கிறது. ஒரு அடாப்டர் வாங்கி அதை டிஜிட்டல் கேமராவில் திருகியாயிற்று. பட்டனை அழுத்தினால் கேமரா அசையவே இல்லை. திரையில் 'லென்ஸ் இல்லை' என்று ஒரு வரி! முன்னால் கால் கிலோ லென்ஸ் தொங்கிக்கொண்டிருக்க, கேமரா இப்படிச் சொல்வது வேடிக்கைதான்.

இங்கே லென்ஸும் பழுதில்லை, கேமராவும் பழுதில்லை. ஒன்றுக்கு மற்றொன்றின் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான். இடையில் இருந்து இரண்டையும் ஒத்துப்போக வைப்பது படம் எடுப்பவரின் வேலை. கேமராவில் சில அமைப்புகளை மாற்றினால் பழைய லென்ஸ் அழகாக வேலை செய்யும்.

இந்தப் பஞ்சாயத்து டிஜிட்டல் கேமராவோடு பிறந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் புகைப்படக்கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே இது தொடங்கிவிட்டது. லென்ஸ் ஒன்றுக்காகச் செய்யப்படும். அதன் பின்னால் படத்தை வாங்கிக்கொள்ளும் பொருள் மாறிவிடும். கண், வெள்ளித் தட்டு, காகிதம், கண்ணாடித் தட்டு, ஃபிலிம், இன்று சென்சார். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிய கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கின் முக்கியமான சில பக்கங்கள் நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் எழுதப்பட்டவை.

கண்ணுக்கு ஒரு ஃபோகஸ், தட்டுக்கு ஒரு ஃபோகஸ்

1839-ஆம் ஆண்டு பாரிஸில் டாகுவேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். வெள்ளி பூசிய செப்புத் தட்டில் படம் பதியும் முறை அது. அப்போது கையில் இருந்த லென்ஸ்கள் எல்லாம் தொலைநோக்கிக்கும் ஓவியர்களின் இருட்டுப் பெட்டிக்கும் செய்யப்பட்டவை. அதாவது மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

நம் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும்தான் மிகப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத் தட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். லென்ஸோ ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. விளைவு என்ன? படம் எடுப்பவர் பின்னால் உள்ள தேய்த்த கண்ணாடியில் கண்ணால் பார்த்துத் துல்லியமாக ஃபோகஸ் செய்வார். பிறகு அதே இடத்தில் தட்டை வைப்பார். கழுவிப் பார்த்தால் படம் மங்கலாக இருக்கும்! கண் பார்த்த ஃபோகஸ் வேறு, தட்டு பார்த்த ஃபோகஸ் வேறு. இந்த இரண்டாவது ஃபோகஸுக்கு 'வேதியியல் ஃபோகஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

லண்டனில் ஸ்டுடியோ நடத்திய அந்துவான் கிளாடே 1840-களில் இதை விடாமல் ஆராய்ந்தார். படிப்படியாக வெவ்வேறு தூரங்களில் அட்டைத் துண்டுகளை நிறுத்தி, நடுவில் உள்ளதைக் கண்ணால் ஃபோகஸ் செய்து, படம் எடுத்துப் பார்க்கும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். எந்த அட்டை தெளிவாக விழுகிறதோ, அதுதான் தட்டின் உண்மையான ஃபோகஸ். அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த படத்துக்கு லென்ஸை அந்த அளவு நகர்த்தினால் போதும். இன்று சாய்வாக வைத்த ஸ்கேலைப் படம் எடுத்து ஆட்டோஃபோகஸைச் சரிபார்க்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இந்தக் கருவிதான்.

இந்தப் பழைய சங்கதியின் மிச்சம் ஒன்று இன்றும் பல பழைய லென்ஸ்களில் இருக்கிறது. ஃபோகஸ் குறிக்கு அருகே சிவப்பாக ஒரு சிறு புள்ளியோ, கோடோ, ஆர் என்ற எழுத்தோ காணப்படும். அகச்சிவப்பு ஃபிலிம் போட்டால், கண்ணால் ஃபோகஸ் செய்த பிறகு தூரத்தை அந்தச் சிவப்புக் குறிக்கு நகர்த்த வேண்டும் என்று அதற்குப் பொருள். பின்னால் உள்ள பொருள் மாறினால் முன்னால் உள்ள அமைப்பும் மாற வேண்டும் என்பதை லென்ஸே எழுதிவைத்திருக்கிறது.

சென்னை மாகாணத்து வானம்

புகைப்படக்கலை சென்னைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அவருடைய முயற்சியால் 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

ட்ரைப் 1857 இறுதியிலும் 1858-இலும் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பயணம் செய்து கோயில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்போனில் விரலை நகர்த்தி எடுக்கும் பனோரமாவை, அவர் மாட்டு வண்டிக் காலத்தில் செய்து முடித்தார்!

அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதற்கும் நீல நிறம்தான் தெரியும். நம் ஊர் வானமோ பளிச்சென்ற நீலம். கோபுரத்தின் கல் சரியாகப் பதியும் அளவுக்கு ஒளியைக் கொடுத்தால், வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்குக் கொடுத்தால் கோபுரம் கருப்பாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும் அமைப்பு அவர் கேமராவில் கிடையாது. ஆகவே அவர் கல்லுக்கு ஏற்றபடி ஒளி கொடுத்தார். வானத்தில் மேகங்களை நெகட்டிவ் மீது கையாலேயே தீட்டிச் சேர்த்தார். ட்ரைப்பின் படங்களில் மிதக்கும் சில மேகங்கள் வானத்தில் இருந்தவையல்ல, தூரிகையில் இருந்தவை.

இந்தப் பதவி நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதை வீண் செலவு என்று கருதினார்; ட்ரைப்பின் பணி முடிவுக்கு வந்தது. ஆனால் அவர் எடுத்த படங்கள் இன்று அந்தக் கோயில்களின் 160 ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்குச் சாட்சி. எந்த மேகம் உண்மை, எது தீட்டியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே அந்தச் சாட்சி முழுமையாகப் பயன்படும்.

சூரியனுக்கு முன்னால் ஒரு லென்ஸ்

இந்தக் கதையின் பெரிய அத்தியாயம் கொடைக்கானலில் இருக்கிறது. அதன் வேர் சென்னை நுங்கம்பாக்கத்தில். அங்கே 1792-இல் கட்டப்பட்ட வானாய்வகத்துக்கு 1850-இல் பாரிஸின் லெரெபூர் - செக்ரெட்டான் நிறுவனத்திலிருந்து சுமார் 6 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்று வந்தது. அது கண்ணால் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. கேப்டன் ஜேக்கப் என்பவர் அதைக்கொண்டு சனி கிரகத்தின் வளையங்களையும் இரட்டை நட்சத்திரங்களையும் பார்த்து அளந்தார்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் உலுக்கின. சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேட, மேகமும் தூசியும் குறைந்த உயரமான மலை தேவைப்பட்டது. அப்படித்தான் 1899-இல் கொடைக்கானல் வானாய்வகம் தொடங்கியது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். அதற்கு முந்தைய ஆண்டு, 1898-இல், அந்த 1850-ஆம் ஆண்டுத் தொலைநோக்கியை டப்ளினின் கிரப் நிறுவனம் சூரியனைப் புகைப்படம் எடுக்கும் கருவியாக மாற்றியமைத்திருந்தது. கண்ணுக்காகப் பிறந்த லென்ஸ் 48 வயதில் தட்டுக்காக வேலை பார்க்கத் தொடங்கியது! பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டும் இன்றைய பொழுதுபோக்குக்கு, தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய முன்னோடி கிடைப்பது அரிது.

கொடைக்கானலில் வேறொரு லென்ஸும் இருந்தது. அதன் விட்டம் 30 சென்டிமீட்டர். இங்கிலாந்தில் யார்க் நகரத்து குக் நிறுவனம் செய்தது. அதன் பெயரே 'போட்டோ-விஷுவல்'. அந்த நிறுவனத்தின் டென்னிஸ் டெய்லர் 1890-களில் மூன்று வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து வடிவமைத்த லென்ஸ் இது. கண்ணின் ஃபோகஸும் தட்டின் ஃபோகஸும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதே இதன் நோக்கம். கிளாடே கணக்குப் போட்டுச் சமாளித்த சிக்கலை, டெய்லர் கண்ணாடியிலேயே தீர்க்க முயன்றார்.

இந்த லென்ஸின் பின்னால் வைத்த கருவியால் 1904 முதல் சூரியன் கால்சியம் ஒளியில் தினமும் படம் எடுக்கப்பட்டது. இந்த ஒளி ஊதா நிறத்தின் விளிம்பில், சுமார் 393 நானோமீட்டரில் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். 1912-இல் சிவப்பு ஓரத்தில் உள்ள ஹைட்ரஜன் ஒளியிலும், அதாவது 656 நானோமீட்டரிலும், படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரே லென்ஸ் வானவில்லின் இரு கோடிகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. இதே ஆய்வகத்தில்தான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கப்படுகிறது.

சென்சார் மலை ஏறியது

1990-களில் சிசிடி சென்சார் கொடைக்கானலுக்கு வந்தது. அங்கே ஒரு சிக்கல். பழைய 30 சென்டிமீட்டர் லென்ஸ் தட்டில் விழவைக்கும் சூரியனின் விட்டம் 6 சென்டிமீட்டர். புதிய சென்சாரோ 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட சிறு சில்லு. அதில் 6 சென்டிமீட்டர் சூரியனை எப்படி அடக்குவது?

ஆகவே வானத்திலிருந்து சூரிய ஒளியைக் கொண்டுவரும் பழைய 46 சென்டிமீட்டர் கண்ணாடியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒளியை 15 சென்டிமீட்டர் ஜெய்ஸ் லென்ஸுக்குத் திருப்பினார்கள். அது 2 சென்டிமீட்டர் சூரியனைக் கொடுத்தது, சென்சாரில் அடங்கியது. 1996 முதல் இந்த முறையில் படங்கள் பதிவாயின. வீட்டில் ஹீலியோஸ் லென்ஸை மாட்டியவர் 'ஏன் எல்லாம் இவ்வளவு கிட்டே தெரிகிறது?' என்று கேட்கிறாரே, அதே கேள்விதான் இது. ஃபிலிமைவிடச் சென்சார் சிறியது. ஆகவே காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் பதியும்.

பெரிய வேலை இதற்குப் பிறகு வந்தது. கால்சியம் ஒளியில் தட்டுகளிலும் ஃபிலிமிலும் 2007 வரை படம் எடுக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சூரியன்! ஒரே இடத்திலிருந்து, பெரிதும் மாறாத ஒரே ஒளியியல் அமைப்பால் எடுக்கப்பட்ட இப்படிப்பட்ட தொகுப்பு உலகிலேயே மிகச் சிலவற்றில் ஒன்று. ஆனால் அலமாரியில் கிடக்கும் தட்டைக் கணினி படிக்காது. அவற்றை டிஜிட்டல் கேமராவால் மறுபடி படம் எடுக்க வேண்டும்.

முதல் சுற்றில் 8 பிட் அளவில் பதிவு செய்தார்கள். அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள் மட்டும். சூரியனின் நுட்பமான வேறுபாடுகளுக்கு அது போதவில்லை. அடுத்த சுற்றில் 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட, குளிரூட்டப்பட்ட சிசிடி கேமராவை வைத்தார்கள். தட்டின் பின்னால் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஒளி விழ, உட்புறம் வெள்ளை பூசிய பெரிய கோள விளக்கை அமைத்தார்கள். 16 பிட் பதிவு என்பதால் படிகள் 65,536 ஆயின.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. தட்டு ஒளியை நேர்க்கணக்கில் பதிவதில்லை. ஒளி இரண்டு மடங்கானால் கருமை இரண்டு மடங்காகாது. எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு கருமை என்று தெரிய, தட்டின் ஓரத்தில் படிப்படியான ஓர் அளவுகோலையும் சேர்த்துப் பதிய வேண்டும். தொடக்க காலத் தட்டுகள் பலவற்றில் அது இல்லை. எடுத்தவர்களுக்கு அப்போது அது தேவைப்படவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். சூரியன் நடுவில் பிரகாசமாகவும் விளிம்பை நோக்கி மங்கியும் தெரியும் விதம் நன்கு தெரிந்த ஒன்று. ஆகவே தட்டில் உள்ள அமைதியான சூரியப் பரப்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கு தவறினால், நூறாண்டில் சூரியன் மாறியதா அல்லது தட்டுதான் மாறியதா என்று சொல்ல முடியாமல் போய்விடும். மழைக்கும் பஞ்சத்துக்கும் விடை தேடிச் சேர்த்த பொக்கிஷம், ஓரத்தில் எழுத மறந்த ஒரு குறிப்பால் பயனற்றுப் போகும் ஆபத்து இருந்தது.

வீட்டுக்கு வந்த லென்ஸ்கள்

மலையில் இப்படி நடந்துகொண்டிருக்க, வீடுகளில் ஃபிலிம் காலம் நடந்தது. 1960-இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிமில் எத்தனையோ திருமணங்களும் பள்ளிக் குழுப் படங்களும் பதிந்தன. ஆலை பிற்பாடு மூடப்பட்டது. ஃபிலிம் போயிற்று, லென்ஸ் மட்டும் பீரோவில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்து லென்ஸ்களில் பெரும் கூட்டம் எம்42 என்ற திருகு வகையைச் சேர்ந்தது. 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மறை. 1949-இல் கிழக்கு ஜெர்மனியில் பரவத் தொடங்கியது. ரஷ்ய ஹீலியோஸ், ஜப்பானிய டாகுமார் எல்லாம் இந்த மறையில் வந்தன. எந்தப் பழைய லென்ஸ் எந்தப் புதிய கேமராவில் பொருந்தும் என்பதற்கு ஒரே கணக்குத்தான்: லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம். எம்42-க்கு இது 45.46 மில்லிமீட்டர். கேனான் இஎஃப் கேமராவில் 44 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வளையம் போதும். நிக்கான் எஃப் கேமராவிலோ 46.5 மில்லிமீட்டர். லென்ஸ் ஏற்கெனவே அதிகத் தூரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. தொலைவில் உள்ள மலையும் கோபுரமும் தெளிவாக விழாது. கண்ணாடியில்லாத சோனி இ வகைக் கேமராவில் வெறும் 18 மில்லிமீட்டர்தான் என்பதால் ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸும் அதில் பொருந்தும். 2010-க்குப் பிறகு பழைய லென்ஸ்களுக்கு மவுசு கூடியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

இனி அமைப்புகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் மேலே சொன்ன வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது.

முதலில், 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பை மெனுவில் இயக்க வேண்டும். பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால், அது மாட்டப்பட்டிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. சில கேமராக்கள் இதைக் கேட்காமலே வேலை செய்யும்.

இரண்டாவது, அபர்ச்சர். இனி அது கேமராவின் சக்கரத்தில் இல்லை. லென்ஸின் வளையத்தில் இருக்கிறது. கேமராவை அபர்ச்சர் முன்னுரிமை முறையில் வைத்தால், உள்ளே வரும் ஒளியைப் பார்த்து ஷட்டர் வேகத்தை அதுவே கணக்கிடும். தொடக்கநிலை நிக்கான் கேமராக்கள் பல பழைய லென்ஸோடு ஒளியை அளக்க மறுக்கும். அவற்றில் முழு மேனுவல்தான் வழி. 2005-இல் வந்த டி200 போன்ற உயர்நிலைக் கேமராக்களில், லென்ஸின் குவியத்தூரத்தையும் அதிகபட்ச அபர்ச்சரையும் மெனுவில் எழுதிவைத்தால் அளவீடு கிடைக்கும். 1977-க்கு முந்தைய மாற்றியமைக்கப்படாத நிக்கார் லென்ஸ்களை மட்டும் கவனிக்க வேண்டும். சில கேமராக்களின் நெம்புகோலை அவை உடைத்துவிடும்.

ஒளி அளக்காத கேமராவுக்கு ஒரு பழைய சூத்திரம் கைகொடுக்கும். நல்ல வெயிலில் அபர்ச்சர் எஃப்/16. ஐஎஸ்ஓ எவ்வளவோ, ஷட்டர் வேகம் அதில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100 என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு. ஊரப்பாக்கத்தில் மேகமில்லாத மதிய வேளையில் ஜிஎஸ்டி சாலையோரம் நின்று இதைச் சோதித்தால், முதல் படமே ஏறக்குறைய சரியாக வரும். அங்கிருந்து ரயில் நிலைய நடைமேடைக் கூரையின் நிழலுக்குப் போனால் மூன்று, நான்கு படிகள் ஒளியைக் கூட்ட வேண்டும். எஃப்/16-ஐ எஃப்/5.6 ஆக்கினால் மூன்று படி. எஃப்/4 ஆக்கினால் நான்கு. ஒரு மதியம் இப்படிச் சுற்றினால் ஒளிமானி இல்லாமலே கண் பழகிவிடும்.

மூன்றாவது, ஃபோகஸ். அபர்ச்சரை முழுவதும் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு வேண்டிய எண்ணுக்கு மூட வேண்டும். இன்றைய கேமராக்களின் பார்வைத் திரை ஆட்டோஃபோகஸுக்காகச் செய்யப்பட்டது. அதில் கண்ணால் நுட்பமாக ஃபோகஸ் செய்வது கடினம். எனவே லைவ் வியூவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. சென்சார் பார்ப்பதையே கண்ணும் பார்க்கிறது என்பதால், 'வேதியியல் ஃபோகஸ்' தொல்லை இங்கே தானாகவே தீர்ந்துவிடுகிறது. கிளாடே பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்!

நான்காவது, நடுக்கம் தடுக்கும் வசதி. அது சென்சாரிலேயே உள்ள கேமராவில் லென்ஸின் குவியத்தூரத்தைச் சொல்ல வேண்டும். ஹீலியோஸ் என்றால் 58 என்று லென்ஸில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். சென்சார் சிறியது என்று 1.5-ஆல் பெருக்கிக் கொடுப்பது தவறு. எண் தவறானால் வசதியே நடுக்கத்தைக் கூட்டிவிடும்.

ஐந்தாவது, நிறமும் மாறுபாடும். பழைய லென்ஸ்களின் பூச்சு எளிமையானது. எதிர்வெயிலில் படம் வெளிறும். ஒரு ஹுட் மாட்டி, கான்ட்ராஸ்டைச் சற்று உயர்த்தலாம். பழைய எஃப்/1.4 டாகுமார்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது ஆண்டுகள் போகப் போகப் பழுப்பு மஞ்சளாகும். வெள்ளைத் தாளைப் படம் எடுத்து வொயிட் பேலன்ஸை அமைத்தால் நிறம் சரியாகும். புற ஊதாக் கதிர் சில நாள் பட்டால் அந்த மஞ்சளே வெளுத்துவிடும். வெயிலில் வைப்பவர்கள் லென்ஸின் பின்புறத்தை மூடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் குவியும் வெயில் துணியையோ காகிதத்தையோ பற்றவைத்துவிடும். சூரியனை லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்க்கவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படத்தை ரா வடிவில் பதிவது மிக நல்லது. ஜேபெக் 8 பிட்தான், 256 படிகள். வெளிறிய படத்தை இழுத்துச் சரிசெய்யும்போது இந்தப் படிகள் போதாமல் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கொடைக்கானலில் இரண்டாம் சுற்று ஏன் தேவைப்பட்டதோ, அதே காரணம்தான் இங்கும்.

கடைசியாக, சென்னையின் ஈரக் காற்று லென்ஸின் எதிரி. மூடிய பையில் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே மருந்து.

ஓரத்தில் எழுதும் குறிப்பு

எல்லாவற்றையும் சரியாக அமைத்து எடுத்த படத்தைக் கணினியில் திறந்து விவரங்களைப் பார்த்தால், அபர்ச்சர் என்ற இடத்தில் பூஜ்யமோ வெற்றிடமோ இருக்கும். லென்ஸின் பெயரும் இருக்காது. ஷட்டர் வேகம் கேமராவுக்குத் தெரியும். எஃப்/4-இல் எடுத்ததா, எஃப்/11-இல் எடுத்ததா என்று தெரியாது. பத்து ஆண்டு கழித்து யாருக்குமே தெரியாது.

கொடைக்கானலில் தட்டோடு நாளும் நேரமும் எழுதிவைத்தார்கள். அதனால்தான் நூறாண்டுச் சூரியனை இன்று வரிசையாக அடுக்க முடிகிறது. ஒளியின் அளவுகோலைப் பதிய விட்ட தட்டுகளுக்கோ, பின்வந்தவர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. பழைய லென்ஸை மாட்டுபவர் ஒரு சிறு நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். நாள், இடம், லென்ஸ், அபர்ச்சர் என்று நான்கே சொற்கள். பழைய கண்ணாடிக்கும் புதிய சென்சாருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தைக்கு அதுதான் ஒப்பந்தப் பத்திரம்.